அவுக குரல் பழைய போனில் இருக்கு, ஐபோனுக்கு மாறலாமா?

கேள்வி: ஆறு வருஷமா ஆண்ட்ராய்டு போன்தான் வச்சிருக்கேன். அமெரிக்காவுல இருக்குற மகன், தை மாசம் கல்யாணத்துக்கு வரும்போது புது ஐபோன் வாங்கிட்டு வர்றேங்கிறான். போன வருஷம் தவறிப்போன எங்க வீட்டு அவுக அனுப்புன குரல் பதிவெல்லாம் வாட்ஸ்அப்புல கெடக்கு. அது போயிருச்சுன்னா எனக்கு ஐபோனே வேணாம். நம்பரும் இதேதான் இருக்கணும். பழைய போனை வீட்டு வேலைக்கு வர்ற பிள்ளைக்குக் குடுத்துறலாமா?
*(ஒரு ஆச்சி, காரைக்குடி)*

பதில்: ஆச்சி, அவுக குரல் புது போனுக்கும் வரும். ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய போனை இப்போதைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மகன் வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்யலாம். பழைய போனைக் கேபிளில் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து, வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்று இருப்பதை அப்படியே காப்பி எடுக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் யாராவது பத்து நிமிஷத்தில் செய்துவிடுவார்கள். பதிவின் பெயரில் தேதி இருக்கும், அனுப்பியவர் பெயர் இருக்காது. அதனால் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், பிறகு நிதானமாகக் கேட்டுப் பிரிக்கலாம். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் இருந்தால் ஓடும். ஒரு பென் டிரைவிலும் போட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். போன் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

‘கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கே’ என்று யாராவது சொல்லலாம். அந்த பேக்கப்பை ஐபோன் வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளாது. 2022 முதல் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது: ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப். அதைப் பழைய போனில் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். புது ஐபோனை முதன்முதலாகத் தயார்செய்யும்போது ‘ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவா’ என்று ஒரு இடம் வரும், அங்கேதான் இது நடக்கும். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாமே என்று மகன் அங்கேயே எல்லாம் செட் பண்ணிக் கொண்டுவந்தால், இங்கே வந்து முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பிரிக்காத பெட்டியாகவே கொண்டுவரச் சொல்லுங்கள்.

மாற்றும்போது இரண்டு போனும் சார்ஜரில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். நம் பெரிய வீடுகளின் கனத்த சுவரைத் தாண்டி வைஃபை இரண்டாம் கட்டுக்கு வராது, மோடம் இருக்கிற அறையிலேயே உட்காருங்கள். ஐபோன் காட்டும் குறியீட்டு எண்ணைப் பழைய போனில் போட்டதும் எதையெதை அனுப்ப என்று பட்டியல் வரும். வாட்ஸ்அப்பைக் கட்டாயம் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடு நகர்ந்து முடியும்வரை பழைய போனில் வேறு எதையும் திறக்கக் கூடாது. எங்கள் அம்மான் வீட்டில் பாதியில் ஒரு போன் வந்தது, எடுத்துப் பேசிவிட்டார்கள், முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அதன்பின் ஐபோனில் வாட்ஸ்அப்பை இறக்கி, அதே நம்பரைக் கொடுத்தால் உரையாடல்கள் வந்து சேரும். யார் யாரோடு பேசினீர்கள் என்ற கால் பட்டியல் மட்டும் வராது.

இவ்வளவும் முடியும்வரை சிம் பழைய போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் கேட்கும் ஓடிபி அதில்தான் வரும், பார்த்து ஐபோனில் அடித்தால் போதும்.

சிம் விஷயத்தை மகனிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றும் இ-சிம் தருகின்றன, நம்பரும் மாறாது. ஆதாரோடு கம்பெனியின் சொந்தக் கடைக்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள். மகன் மாதத் தவணையில் வாங்கினால் அந்த ஊர் கம்பெனிக்குப் பூட்டப்பட்ட போனாக இருக்கலாம். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் பகுதியில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால்தான் நம் ஊர் இணைப்பு வேலை செய்யும். பெட்டியைப் பிரிக்காமல் இது தெரியாது, அதனால் ‘அன்லாக்டு’ என்று கேட்டே வாங்கச் சொல்லுங்கள்.

இ-சிம்முக்கு மாறினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிற்கும். வங்கி ஓடிபியும் வராது, ஜிபேயைப் புது போனில் பதியவும் முடியாது. பதிந்த பிறகும் முதல் நாள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடமாட்டார்கள், ஐபோன் என்றால் சில வங்கிகளில் இது 72 மணி நேரம். சமையலுக்கும் பந்தலுக்கும் பணம் கொடுக்க வேண்டிய வாரத்தில் இந்த வேலையே வேண்டாம். கல்யாணம் முடிந்து, மகன் ஊருக்குத் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேன்குழல், மணகோலம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறேன். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற வேண்டும். ஆர்டர் வந்த வாட்ஸ்அப் செய்திகள் வருமா?
*(தேவகோட்டை)*

பதில்: வரும். இரண்டு போனையும் கேபிளால் இணைக்க வேண்டும். ஐபோன் 14 வரை என்றால் ஒரு முனை லைட்னிங், மறுமுனை டைப்-சி உள்ள கேபிள், 15 முதல் இரு முனையும் டைப்-சி. புது போன் சாம்சங் என்றால் அதன் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆப் வேண்டும், மற்றவை ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இதையும் புது போனை முதலில் தயார்செய்யும்போதே செய்துவிடுங்கள். ஐகிளவுடில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்கப் ஆண்ட்ராய்டில் உதவாது. நிலுவையில் உள்ள ஆர்டர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.