திருகோணமலையில் சுழியோட வருகிறீர்களா? கேள்வி பதில்

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, டிசம்பரில் வந்தால் நிலாவெளியில் ஸ்கூபா செய்யலாமா?

வேண்டாம். அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், கடல் கலங்கிக் கிடக்கும். மே முதல் செப்டெம்பருக்குள் வாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: புறாத்தீவில் சுறா இருக்காமே, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள்தான். ஆளைக் கண்டால் ஒதுங்கிப்போகும். கால்தான் கவனம், கரையெல்லாம் உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை). உயிருள்ள முருகைக்கல்லில் ஏறி நிற்காதீர்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா.

டொரொன்டோவிலிருந்து: காலையில் இரண்டு தடவை சுழியோடிவிட்டு, பின்னேரம் நுவரெலியா போகலாமா?

கூடாது! ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறினால் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் பதம் பார்க்கும். விமானத்துக்கும் மலைக்கும் ஒரே கணக்கு: குறைந்தது 18 மணித்தியாலம்.

மதுரையிலிருந்து: கோணேசர் கோயில் முழுதாகக் கடலுக்கடியில் இருக்கிறதாமே?

முழுதாக இல்லை. 1620களில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள்; இன்றைய பிரட்றிக் கோட்டை அந்த இடம்தான். மிச்சம் சுவாமி மலையின் செங்குத்துச் சரிவால் கடலுக்குள் போனது. 1956இல் சுழியோடி மைக் வில்சன் கீழே இறங்கிச் செதுக்கிய தூண்களைக் கண்டார், ஒரு லிங்கமும் மேலே வந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தக் குழுவில் இருந்தார்.

மதுரைக்காரர் மறுபடியும்: கடல்கோள்தான் கொண்டுபோனது என்கிறார்களே?

அப்படியானால் கோட்டை வாசல் நிலைக்கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் எப்படி வந்தது? கடலா பதித்தது? உள்ளே நுழையும்போது நின்று பாருங்கள், பக்கத்தில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. எல்லாரும் கோட்டைக்குள் திரியும் மான்களைப் படமெடுத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள்.

இன்னொருவர்: கடல்கோளே இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

கடல்கோள் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? இந்தக் கோயிலை இடித்தது ஆள் என்கிறேன்.

சேலத்திலிருந்து: நவம்பரில் வரலாமா?

முதல் பதில்.

மட்டக்களப்பிலிருந்து: புதிதாகப் பழகியவன். ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கலாமா?

1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. தொடக்கச் சான்றிதழுக்கு எல்லை 18 மீற்றர். மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்கள், தம்பி.

கொழும்பிலிருந்து: காலையில் ஒரே ஒரு தடவை இறங்கி, இரவு விமானம் பிடிக்கலாமா?

மேலே எழுதியதை வாசிக்கவில்லையா? ஒரு தடவைக்கும் 12 மணித்தியாலம் வேண்டும், நான் 18 என்றே சொல்வேன். அன்றைக்குச் சுழியோடாமல் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள். ஏழு கிணறு, ஏழு சூடு. சுழியோடிய கையோடு அங்கேயும் போகாதீர்கள். வெந்நீரும் குமிழியைக் கிளப்பும்.