லேப்டாப்பை ஃபார்மட் அடிக்காதீர்கள், வழக்கே அதற்குள்தான் இருக்கிறது

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் நானும் கணவரும் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறோம். உதவிக்கு ஒரு பையன். எடுத்ததையெல்லாம் ரவுட்டரோடு இணைத்த இரண்டு டிஸ்க் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) போட்டு வைப்போம். மார்கழியில் லேப்டாப் (விண்டோஸ் 11 ப்ரோ) அப்டேட் ஆனதிலிருந்து பெட்டிக்கு எதுவும் காப்பி ஆகவில்லை. பழைய ஃபோல்டரும் திறக்கவில்லை. ‘கெஸ்ட் அக்சஸ்’ தடுக்கப்பட்டது என்று ஏதோ வந்தது. தையில் எடுத்த இரண்டு கல்யாணத்தை லேப்டாப்பிலேயே வைத்திருந்தோம். இடம் போதாமல், பெட்டிக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பையன் அழித்துவிட்டான். ஆண்டுப் பராமரிப்புக்கு 9,000 ரூபாய் வாங்கிய கடைக்காரர் எத்தனை போன் செய்தும் வரவில்லை. மார்ச் 6 அன்று அவர் கடையிலிருந்து வந்த டெக்னீஷியன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, “பேக்கப் இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டு பெட்டியை ரீசெட் செய்து டிஸ்கை இனிஷியலைஸ் செய்தார் (காலியாக்கிப் புதிதாக அமைப்பது). இப்போது காப்பி ஆகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த ஐந்து கல்யாணமும் போய்விட்டது. பெண் வீட்டார் வாசலில் வந்து கத்துகிறார்கள். கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஏழு கல்யாணத்துக்கு 14 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? சைபர் கிரைமில் புகார் தரலாமா? லேப்டாப்பும் ரொம்ப ஸ்லோ. அடுத்த வாரம் ரிச்சி தெருவில் கொடுத்து ஃபார்மட் அடிக்கப் போகிறோம். ஜாப் ஷீட்டின் போட்டோ இணைத்திருக்கிறேன்.

பதில்: செருப்பு, பிளாக் செய்த நம்பர், வாசல் சத்தம் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். மார்ச் 6 காலை அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது, அதை எதை வைத்துக் காட்டப் போகிறீர்கள்? வழக்கு இதுதான்.

இப்படிக் கேட்டதும் ஏழு ஐந்தாகிவிடுகிறது. மார்கழியிலிருந்து காப்பியே ஆகவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் தை மாதப் படங்கள் பெட்டிக்குப் போகவே இல்லை. போகாததை டெக்னீஷியன் அழித்திருக்க முடியாது. அழித்தது உங்கள் பையன். அந்த இரண்டையும் சேர்த்து நோட்டீஸ் விட்டால், மீதி ஐந்தையும் நுகர்வோர் ஆணையம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

சைபர் கிரைம் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவுக்கு நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் வேண்டும். நீங்கள் கூப்பிட்டு வந்த ஆள் அசட்டையாகச் செய்த வேலை அதில் வராது.

ஐந்து கல்யாணத்துக்கு உங்கள் கையில் ஒரு நல்ல துருப்பு இருக்கிறது. அது இருப்பது நீங்கள் ஃபார்மட் அடிக்கப் போகும் லேப்டாப்பில். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு, ப்ரோ லேப்டாப்களில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை மறுக்கிறது; நெட்வொர்க் பரிமாற்றத்துக்கு டிஜிட்டல் கையொப்பத்தையும் கட்டாயமாகக் கேட்கிறது. உங்கள் பெட்டியை பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக அமைத்துத் தந்தது யார்? கடைக்காரராக இருந்தால், “மைக்ரோசாஃப்ட் அப்டேட், நான் என்ன செய்ய?” என்ற அவரது பதில் பாதிதான் நிற்கும். பெட்டியில் ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, லேப்டாப்பில் அதைக் கொடுத்திருந்தால் அநேகமாக அன்றே தீர்ந்திருக்கும். டிஸ்கைத் தொடத் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் இனிஷியலைஸ் கொடுத்ததுதான் சேவைக் குறைபாடு.

இதற்குச் சாட்சி ஈவன்ட் வியூவர், அதாவது விண்டோஸ் தானே எழுதி வைக்கும் பதிவேட்டை (லாக்) காட்டும் கருவி. அதில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எஸ்எம்பி கிளையன்ட், செக்யூரிட்டி என்று உள்ளே போனால் 31017 என்ற எண்ணில், கெஸ்ட் நுழைவு மறுக்கப்பட்ட பதிவு தேதி, நேரத்தோடு இருக்க வேண்டும். கோளாறு டிஸ்கில் இல்லை, நுழைவில்தான் என்று சொல்லும் பதிவு அது. அந்த லாகுக்கு அளவு உண்டு. நிரம்பினால் பழையதன்மேல் எழுதும். இன்றே முழு லாகையும் தனி ஃபைலாகச் சேமியுங்கள்.

இரண்டாவது சாட்சி லைட்ரூம் கேட்டலாக், அதாவது நீங்கள் படம் எடிட் செய்யும் மென்பொருளின் பட்டியல் ஃபைல். ஒவ்வொரு படமும் எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற முழுப் பாதையை, பெட்டியின் பெயர் உட்பட, அது வைத்திருக்கும். பிரிவ்யூ ஃபைல்களும் மிச்சமிருந்தால் சிறிய அளவிலாவது படங்களே கிடைக்கும். வீடியோ எடிட் செய்த ப்ராஜெக்ட் ஃபைலிலும் இதே பாதை இருக்கும். ஐந்து கல்யாணமும் பெட்டியில் இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் உங்களிடம் கிடையாது.

கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். ஆதாரம் என்றால் பில், வாட்ஸ்அப், சாட்சி என்று நினைத்து மெஷினை ‘சரி செய்ய’க் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரன் ஃபார்மட் அடித்து பளபளவென்று திருப்பித் தருவான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது ஒரே கேள்வி: “வழக்கு நினைப்பு வந்த பிறகு ஏன் அழித்தீர்கள்?” அதே லாக் தை மாதப் படங்கள் போகவில்லை என்பதையும் காட்டுமே என்று யோசிக்காதீர்கள். காட்டட்டும், அந்த இரண்டை ஏற்கனவே விட்டாயிற்று.

லேப்டாப் டிஸ்கை அப்படியே முழு இமேஜாக (டிஸ்கின் அச்சு அசலான நகல் ஃபைல்) எடுக்கச் சொல்லுங்கள். ஹேஷ் மதிப்பை (நகல் பின்னால் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) தாளில் எழுதி, எடுத்தவர் கையெழுத்தையும் வாங்குங்கள். (எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது; எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும்.) மின்னணு ஆதாரத்துக்குத் தேவையான, பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழில் இரண்டு பகுதி: ஒன்று உங்களுடையது, மற்றது நிபுணருடையது. இரண்டிலும் ஹேஷ் வர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் அவ்வளவு கறாராகப் பார்க்கப்படுவதில்லை என்பார்கள். ஆட்சேபம் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே வாங்குவது மலிவு.

பெட்டி இன்னும் ஓடுகிறதா? மெனுவில் ஷட்டவுன் கொடுத்து அணையுங்கள். புதிதாக நீங்கள் காப்பி செய்யும் ஒவ்வொரு கல்யாணமும் பழைய கல்யாணத்தின்மேல்தான் விழுகிறது. டிஸ்கில் 1, 2 என்று இடத்தைக் குறித்து, சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, உறையில் போட்டு ஒட்டுங்கள். மீட்பு மென்பொருளை நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

இனி கசப்பான பகுதி. ஜாப் ஷீட்டில் ‘டேட்டா பேக்கப்: உண்டு’ என்ற கட்டத்தில் டிக், கீழே உங்கள் கணவர் கையெழுத்து. அதற்கும் கீழே பொடி எழுத்தில், டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல, பொறுப்பு பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல் போகாது என்று அச்சடித்திருக்கிறது. இது நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடலாம். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வாதத்துக்கான புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையம் போக வேண்டும். வெறும் சேவைக் குறைபாடு என்றால் சென்னை வடக்கு மாவட்ட ஆணையமே போதும். கட்டிய 9,000 ரூபாய்தான் ஆணையத்தின் வரம்புக்குக் கணக்கு என்பதால் புகார்க் கட்டணமும் இல்லை. நுகர்வோரே இல்லை, வணிகர் என்று முதல் ஆட்சேபம் வரும். கணவன், மனைவி, ஒரு பையன் என்றால் சுயதொழில் விளக்கத்துக்குள் நிற்கலாம். இரண்டாவது கிளை, நான்கு சம்பள ஆட்கள் என்று ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

14 லட்சம் வராது. அந்தப் படங்கள் போனதற்கு மன உளைச்சல் கேட்க வேண்டியவர்கள் மணமக்கள், அதுவும் உங்களிடமிருந்து. அவர்கள் நுகர்வோர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. “எங்க தப்புதான், மன்னிச்சிடுங்க” என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் அவர்கள் போனில் இருந்தால் அது ஒப்புதல். நீங்கள் புகார்தாரர் ஆவதற்கு முன்பே எதிர்மனுதாரர் ஆகக்கூடும். இனி அவர்களுக்கு எதையும் எழுதி அனுப்பாதீர்கள். நேரில் போய்ப் பேசுங்கள்.

ஆகவே சமரசம் பேசுங்கள். இமேஜ் எடுத்து முடித்த மறுநாள் நோட்டீஸ் அனுப்பி, 31017 பதிவை இணையுங்கள். அதைப் பார்த்தால் கடைக்காரரின் வக்கீலுக்குப் புரியும். கேட்க வேண்டியது: இரண்டு டிஸ்குக்கும் மீட்புச் செலவைக் கடை நேரடியாகக் கட்டுவது, 9,000 ரூபாயைத் திருப்பித் தருவது, மீளாத கல்யாணங்களுக்கு நீங்கள் வாங்கிய கட்டணத்தில் ஒரு பங்கு. எழுதும்போது ‘முழுவதும் இறுதியாகத் தீர்ந்தது’ என்ற வரியில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்து குடும்பங்களில் யார் பின்னால் வழக்குப் போட்டாலும் அந்தத் தொகையில் பாதியைக் கடை ஏற்கும் என்ற வாசகம் அதற்கு முன்னால் வர வேண்டும். அவர் மறுத்தால் மார்ச் 6-லிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. பேச்சை மூன்று மாதத்துக்கு மேல் இழுக்க விடாதீர்கள்.