கரண்ட் போனாலும் எஸ்டி கார்டு கெடாமல் இருக்க

கேள்வி: கோழிப்பண்ணையில் வெப்பமும் ஈரப்பதமும் பதிய ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். கரண்ட் அடிக்கடி போவதால் சில மாதத்துக்கு ஒருமுறை எஸ்டி கார்டு கெட்டு, பூட் ஆவதில்லை. ரூட்டை (சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் பகுதியை) எதுவும் எழுத முடியாதபடி ரீட்-ஒன்லி ஆக்கினால், என் அளவீடுகள் எங்கே பதிவாகும்?

பதில்: ரீட்-ஒன்லி ஆக்குங்கள். அதற்கு முன் அளவீடுகளுக்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் வாங்கிவிடுங்கள். அதே கார்டில் இன்னொரு பார்ட்டிஷன் (தனிப் பகுதி) போட்டு எழுதினால் பாதிப் பாதுகாப்புதான் கிடைக்கும். கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்குப் பார்ட்டிஷன் எல்லை எதுவும் தெரியாது. ஒரு வரி எழுதச் சொன்னாலும் பெரிய பிளாக்காக அழித்து, பழைய தரவை இடம் மாற்றும். அந்த நொடியில் கரண்ட் போனால், நீங்கள் தொடவே தொடாத சிஸ்டம் ஃபைலும் பாழாகும்.

பென் டிரைவை லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்து, பூட்டின்போது எந்த டிரைவ்களை இணைக்க (மவுன்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் நோஅடைம் (noatime: ஃபைலைப் படித்த நேரத்தைக் குறிக்காதே), நோஃபெயில் (nofail: டிரைவ் இல்லாவிட்டாலும் பூட் ஆகு) ஆப்ஷன்களோடு சேருங்கள். நோஃபெயில் இல்லையென்றால், டிரைவ் கழன்ற அன்று பை எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். நோஃபெயில் போட்டால் வேறொரு ஆபத்து உண்டு. டிரைவ் இல்லாத நாளில் உங்கள் புரோகிராம், டிரைவை இணைக்க வைத்திருந்த காலி ஃபோல்டரிலேயே, அதாவது ரூட் ரீட்-ஒன்லி ஆனபின் ரேமில், எழுதிக்கொண்டிருக்கும். ரீபூட் ஆனதும் எல்லாம் போய்விடும். டிரைவ் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புரோகிராம் எழுத வேண்டும்.

அடுத்து ஸ்வாப்பை (ரேம் போதாதபோது கார்டில் எழுதும் வசதியை) நிறுத்திவிட்டு, பையின் செட்டிங்ஸ் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் போய் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். ரூட்டைத் தொடாமல், எழுதுவதை எல்லாம் ரேமில் உள்ள தற்காலிக அடுக்கில் வைப்பது இதுதான். உடனே ரீபூட் செய்யாதீர்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இதைச் செய்யும் ஓவர்லேரூட் புரோகிராமின் இயல்பு, ரூட்டோடு சேர்த்து மற்ற மவுன்ட்களையும் மூடிவிடுவது. பென் டிரைவில் எழுதியது போலவே தெரியும், ஒன்றும் தங்காது. பூட் பார்ட்டிஷனில் உள்ள சிஎம்டிலைன் (cmdline.txt) ஃபைலைத் திறந்து, 'ஓவர்லேரூட்=டிஎம்பிஎஃப்எஸ்' (overlayroot=tmpfs) என்ற சொல்லோடு இடைவெளி விடாமல் ':ரிகர்ஸ்=0' (:recurse=0) சேருங்கள். அந்த ஃபைல் முழுவதும் ஒரே வரியாகவே இருக்க வேண்டும். கையால் மாற்றியதால், பின்னால் ஓவர்லேயை எடுக்கும்போதும் மெனுவை நம்பாமல் அந்தச் சொல்லைக் கையாலேயே நீக்குங்கள்.

இனி ரூட்டில் எழுதுவதெல்லாம் ரேமில்தான் சேரும். வழக்கமாக ரேமில் பாதி வரைதான் இடம். 200 எம்பி உள்ள ஒரு டேட்டாபேஸ் ரூட்டில் இருந்து, அதில் ஒரு வரி சேர்த்தாலும் முழு ஃபைலும் ரேமுக்கு நகலாகும். அதனால் வளரும் ஃபைல் எதுவும் ரூட்டில் இருக்கக் கூடாது. ரீபூட்டுக்கு முன்பே ஜர்னல்டி லாகை (சிஸ்டம் தன் நிகழ்வுகளை எழுதும் பதிவை) வாலட்டைல், அதாவது ரேமில் மட்டும் இருப்பதாக ஆக்கி, 50 எம்பிக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். பை 4-ல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கடைசி நேரத்தைக் கார்டில் குறித்துவைத்து, அடுத்த பூட்டில் அங்கிருந்துதான் அது தொடங்கும். ரூட் உறைந்துவிட்டால் அந்தக் குறிப்பும் ஓவர்லே போட்ட நாளிலேயே நின்றுவிடும். நெட் வந்து நேரம் சரியாகும்வரை அளவீடுகள் பழைய தேதியில் விழும். பண்ணையில் நெட் நிலையாக இல்லையென்றால், டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைப் பொருத்துங்கள். அதற்கு 3.3 வோல்ட் பின்னிலிருந்து மட்டும் மின்சாரம் கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால், மாட்யூலில் உள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் வழியாக அது பையின் பின்களுக்கே வந்துவிடும். சில மாட்யூல்களில் உள்ள சார்ஜிங் சர்க்யூட், சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032 பேட்டரியையும் சார்ஜ் செய்யப் பார்க்கும்.

பண்ணைக்குக் கொண்டுபோகும் முன் மேசையிலேயே சோதியுங்கள். ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைல், பென் டிரைவில் ஒரு ஃபைல் உருவாக்கி, எழுதியதை உடனே டிரைவில் சேர்க்கும் சிங்க் (sync) கட்டளையைக் கொடுத்துவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி பூட் ஆனதும் முதல் ஃபைல் காணாமல் போயிருக்க வேண்டும், இரண்டாவது இருக்க வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் ரிகர்ஸ் மாற்றம் ஏறவில்லை.