விட்டுப்போன எழுத்துக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை

‘முன்பு நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தேன், ஈராண்டுகளாக ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அந்தப் பழக்கத்தை எப்படி மீட்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நேரமில்லை என்ற காரணத்தை நீங்கள் சொல்லாததே நல்ல அறிகுறி. எழுதாத காலம் நீள நீள, அடுத்து எழுதும் முதல் பக்கம் அந்தக் காலம் முழுவதற்கும் ஈடாக அமைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வட்டியைப் போல ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான் என் கணிப்பு. ஒரு வாரம் விட்டவர் எதையாவது எழுதித் தொடங்கிவிடுவார். ஈராண்டு விட்டவருக்கோ நாவலுக்குக் குறைந்த எதுவும் எழுதத் தகுந்ததாகத் தோன்றுவதில்லை.

ஆகவே, அந்தப் பாக்கியை முதலில் தள்ளுபடி செய்துவிடுங்கள். விடுபட்ட மாதங்களில் நடந்தவற்றை நினைவிலிருந்து எழுதி நிரப்ப முயல வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு இன்றையதை எழுதினால் போதும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, இன்று நமக்குக் கிடைக்கும் வடிவில், இடையிடையே பகுதிகள் இல்லாமல்தான் இருக்கிறது. கப்பல் வந்து சேர்ந்ததும், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் சொன்னதும், ஊரில் நடந்ததும் தேதிவாரியாக அதில் பதிந்திருப்பதற்காகத்தான் அதைப் படிக்கிறோம். இல்லாத நாட்களுக்காக யாரும் அதை ஒதுக்கியதில்லை.

பழக்கம் என்ற அளவில் பார்த்தால், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு உதவும். 96 பேர் தாங்கள் தேர்ந்தெடுத்த ஒரு சிறு செயலை, காலை உணவுக்குப் பின் என்பது போன்ற ஒரே தருணத்தோடு சேர்த்து, 12 வாரங்கள் செய்துவந்தார்கள். அது தன்னியல்பாகிவிடச் சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்றும் கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறுவது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் தெரியவந்தது. மதிய உணவோடு தண்ணீர் குடிப்பது போன்ற செயல்களை வைத்துச் செய்த ஆய்வு இது. எழுதுவது அவ்வளவு எளிதாகத் தன்னியல்பாகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் காப்பி குடித்த கையோடு மேசையில் போய் உட்கார்வது அப்படி ஆகிவிடும். உட்கார்வதை மட்டும் பழக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, எழுத்து வருகிறதா இல்லையா என்பதை அந்தந்த நாளுக்கு விட்டுவிடலாம்.

என் எழுத்து நின்றது வருவாய்த் துறையில் பதவி உயர்வு பெற்ற பிறகு. பகல் முழுவதும் கோப்புகளில் குறிப்பு எழுதியவனுக்கு இரவில் வேறு தமிழ் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடி உட்கார்ந்தபோது, அன்று அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு முதியவரைப் பற்றி எழுத நினைத்தேன். தாளில் விழுந்த வாக்கியம் இது: ‘மேற்படி முதியவர் உரிய ஆவணங்களுடன் நேரில் ஆஜரானார்.’ எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரியில் ‘பார்வையில் கண்ட கடிதம்’ என்று போடாததுதான் குறை. அவர் உண்மையில் செய்தது என்ன என்று யோசித்து மறுபடி எழுதினேன். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மடிப்பில் கிழிந்திருந்த பட்டா நகலை மேசையில் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ரேஷன் அட்டையை வைத்தார். அன்றைக்கு அவ்வளவுதான் எழுதினேன். கருத்தோ முடிவோ இல்லாத அந்த நான்கைந்து வரிகள், மறுநாள் மேசைக்குப் போகப் போதுமானதாக இருந்தன. நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் அதன் மொழி உங்கள் வாக்கியங்களில் படிந்திருக்கும். அதைக் களையக் கண்ணால் கண்ட ஒன்றை அப்படியே எழுதுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஓரளவு எழுதத் தொடங்கியதும், அதை வாங்கிப் படிக்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். 1930களில் ‘மணிக்கொடி’ இதழில் கவிதை எழுதிய ந. பிச்சமூர்த்தி, பின்னர் நெடுங்காலம் கவிதைப் பக்கமே வராமல் இருந்தார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ஒன்றை எடுத்து மறுபடி அச்சிட்டார். அதன் பின்னர் அவருடைய புதிய கவிதைகள் அவ்விதழில் வரலாயின. திரும்பிவர அவருக்கு மன உறுதி மட்டும் போதுமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த இதழுக்குக் கவிதை வேண்டும் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். நமக்குச் செல்லப்பா கிடைக்காவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘இந்த வாரம் எங்கே?’ என்று கேட்கும் நண்பர் ஒருவர் கிடைக்கக்கூடும். பாராட்டுபவரைவிடக் கேட்பவரே இந்தக் கட்டத்தில் பயன்படுவார்.

பழைய நோட்டுகள் இருந்தால், பிடித்த ஒரு பக்கத்தைக் கையால் பார்த்தெழுதிப் பாருங்கள். உங்கள் பழைய வாக்கியத்தின் நடை கைக்கு நினைவு வரும். ஆனால் எல்லாவற்றையும் கணினியில் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தும் வேலையில் இப்போது இறங்காதீர்கள். அது எழுதிவிட்டதைப் போன்ற நிறைவைத் தந்தே மாதக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடும். புதிய நோட்டும் பேனாவும் தேடிக் கடைகடையாக அலைவதும் அந்த வகைதான்.