புவி வெப்பமடைதல் உண்மையிலேயே அவ்வளவு பாரதூரமானதா? விஞ்ஞானிகளே முரண்படும்போது யாரை நம்புவது?

உலகம் அழியப் போகிறது என்று ஒருவரும், எல்லாம் பணம் பறிக்கும் கதை என்று இன்னொருவரும் பேசிய காணொளிகளைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் இதே வாக்குவாதத்தில் சிக்கிக்கொண்டவர் நீங்கள் என்று கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். நான் விஞ்ஞானி அல்ல. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். தோட்டத்து மழைமானியை வாசித்துப் பதிவேட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. இந்த விடயத்தில் எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

"விஞ்ஞானிகளே முரண்படுகிறார்கள்" என்பது பாதி உண்மை. எதில் முரண்படுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 1958இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் மில்லியனுக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் காபனீரொட்சைட்டு வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது; இதை யாரும் மறுப்பதில்லை. மனிதச் செயற்பாடே உலகை வெப்பமாக்கியிருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமற்றது என்று ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றக் குழு 2021இல் எழுதியது. விவாதம் இருப்பது அளவில்: இந்த வாயு இரு மடங்கானால் எத்தனை பாகை சூடேறும் என்பதற்கு 1979இல் அமெரிக்காவில் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 பாகை வரை என்றது. 2021 அறிக்கை அதை 2.5 முதல் 4 வரை எனச் சுருக்கியது. மறுப்பாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் அமெரிக்க வளிமண்டல விஞ்ஞானி ரிச்சர்ட் லிண்ட்சன்கூட இந்த வாயு வெப்பத்தைக் கூட்டும் என்பதை மறுக்கவில்லை. கூடுவது சொற்பம் என்பதே அவர் வாதம். நடக்கிறதா இல்லையா என்ற சண்டை ஆய்வுகூடத்துக்குள் ஓய்ந்து பல காலமாகிறது. அது வெளியில் மட்டும்தான் நடக்கிறது.

எங்கள் வீட்டிலும் நடந்தது. என் சித்தப்பா ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், நிறைய வாசிப்பவர், ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஒரு ஜனவரியில் ஆற்றோரமாக இருந்த எங்கள் தேயிலை மலைகளில் துகள் உறைபனி விழுந்து, விடியலில் வெள்ளையாகக் கிடந்த துளிர்கள் வெயில் ஏறியதும் கறுத்துச் சுருண்டன. அதில் ஒரு கொத்தைக் கிள்ளி வந்து என் முன்னால் வைத்து, "உலகம் கொதிக்கிறது என்கிறீர்களே தம்பி, இது என்ன?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். மேகமும் காற்றும் இல்லாத வறண்ட இரவில் நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுவிடுகிறது, குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குகிறது, உறைபனி விழுகிறது. உலகச் சராசரி ஒன்றரைப் பாகை கூடினாலும் அப்படியான இரவுகள் வரத்தான் செய்யும். 2024ஆம் ஆண்டு அளவீட்டு வரலாற்றிலேயே அதிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அதற்காக அந்த ஆண்டில் உலகில் எங்கும் குளிர் விழவில்லை என்று எவரும் சொல்லவில்லை.

சித்தப்பாவின் அடுத்த வாதம் இதைவிட வலுவானது. மலை சரிவதற்கு வானம் காரணமல்ல, மண்ணைக் கெடுத்த மனிதனே காரணம் என்றார். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்ட சரிவுகள் இவை. வடிகான்கள் தூர்ந்து கிடக்கின்றன, வீதிக்காக அடிவாரத்தை வெட்டுகிறார்கள், நீர் இறங்க வழியில்லை. இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கமாட்டேன், ஏனெனில் அந்த வடிகான்களைத் தினமும் பார்ப்பவன் நான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போனதற்கும், 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கியதற்கும் புவி வெப்பமடைதல் ஒன்றே காரணம் என்று யாராவது சொன்னால் அது மிகைப்படுத்தலே. ஆனால் அங்கிருந்து "ஆகவே வெப்பமடைதல் பாரதூரமானதல்ல" என்ற முடிவுக்கு அவர் போனபோதுதான் நான் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. பலமான சரிவு கூடுதல் மழையைத் தாங்கிக்கொள்ளும், ஏற்கனவே பலவீனமான சரிவு தாங்காது. நாம் மண்ணைக் கெடுத்திருக்கிறோம் என்பது வெப்பமடைதலை நமக்கு அதிகப் பாரதூரமாக்கும் காரணமே ஒழிய, அதைத் தள்ளிவிடுவதற்கான காரணம் அல்ல. உள்ளூர்த் தவறா, உலகத் தவறா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்கள் இரண்டும் ஒரே மலையின் மேல் விழுவதைக் காண மறுக்கிறார்கள்.

மழை எப்படி மாறுகிறது என்பதற்கான கணக்கு எளிது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது அது கொட்டுகிறது. எங்கள் மழைமானியின் புனலுக்குள் காய்ந்த இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளிருக்கும் போத்தலை எடுத்து அளவுக்குவளையில் ஊற்றிக் கண்மட்டத்தில் பிடித்து வாசிப்பது காலை எட்டரை மணி வேலை. கடும் மழை நாட்களில் போத்தல் நிரம்பி வெளிப்பாத்திரத்துக்குள் வழிந்திருக்கும். அதைப் பல தடவை குவளையில் ஊற்றிக் கூட்ட வேண்டும். பழைய பதிவேடுகள் அங்குலத்தில், ஊற்றுப்பேனா மையில் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் ஆண்டு மொத்தம் பெரிதாக மாறவில்லை. போத்தல் வழியும் நாட்கள் கூடியிருக்கின்றன, அவற்றுக்கிடையே சொட்டு மழையில்லாத நாட்களும் நீண்டிருக்கின்றன. ஒரு தோட்டத்துப் பதிவேட்டால் உலகத்தைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: நான் நிரூபிக்க முயலவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரில் தொடங்கி, 150இல் வெளியேறும் கட்டத்தை எட்டுகிறது. ஆண்டு மொத்தம் மாறவில்லை என்பதில் ஆறுதல் காண்பவர்கள் அந்த 24 மணித்தியாலத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகம் முழுவதும் அதுதான் நடந்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

குளிர் குறைந்தால் உயரமான மலைகளில் கொழுந்து கூடும் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். ஓரளவுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வறட்சி வந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். நிர்ணயித்த கிலோ எடுக்க முடியாத நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடப்படுவது கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத்தான். மலை காய்ந்தது அவள் குற்றமா என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததில்லை. வெளியேறச் சொல்லி எச்சரிக்கை வந்தால் பாடசாலை மண்டபத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டு, மழை விட்டதும் அதே லயத்துக்குத்தான் திரும்புகிறார்கள். சொந்தமாக ஏழு பேர்ச் காணிகூட இல்லாதவர்களிடம் "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்று அறிவித்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை.

சித்தப்பா கடைசியில் வந்து நின்ற இடம், புகை விட்டது மேற்கு நாடுகள், நாம் ஏன் பயப்பட வேண்டும் என்பது. இலங்கையின் பங்கு உலக உமிழ்வில் ஒரு சதவீதத்தின் மிகச் சிறிய துண்டு மட்டுமே. அவர் கோபம் முழுக்க நியாயமானது. 2022இல் எகிப்தில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொள்ள வைத்ததும் அந்தக் கோபமே. ஆனால் அது யார் பணம் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றிய சண்டை. பாதிப்பு சிறியது என்று நாமே சொல்லிக்கொண்டு அந்தப் பணத்தை எந்த வாயால் கேட்பது?

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். பாரதூரமல்ல என்பவரிடம், யாருக்கு, எந்தச் சரிவில், எந்த வீட்டில் இருப்பவருக்கு என்று கேளுங்கள். உலகம் சில வருடங்களில் முடிந்துவிடும் என்பவரிடம் எந்த அறிக்கையின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். 2021 அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. அந்த அறிக்கையின் சுருக்கத்தை ஒரு மாலைப் பொழுதில் வாசித்துவிடலாம். அடுத்த காணொளியைத் திறப்பதற்கு முன் அதை வாசியுங்கள்.