தம்பி என்ன டாக்டராகணும்னு இப்பவே சண்டை வேணாம் ஆச்சி

ஆச்சி, நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன், தம்பி, அதான் உங்க பையன், எம்பிபிஎஸ் தேர்டு இயர்தான் படிக்கிறான், அதுக்குள்ள செக்காலை ரோட்டு எடத்துல ஸ்கேன் சென்டர் கட்டப்போறேன் அவன் ஸ்கேன், எக்ஸ்ரே பாத்துச் சொல்ற ரேடியாலஜி எடுக்கட்டும்னு அவன் அப்பா, நம்ம அண்ணன், பிடிவாதமா நிக்கிறாக, அவனுக்கோ ஆர்த்தோ, அதான் எலும்பு டாக்டர் படிப்பு மேல ஆசை. நடுவுல நீங்க தூங்காம கெடக்கீக.

மொதல்ல ஒண்ணு, பாதி முடிவு நம்ம கையில இல்ல, எம்பிபிஎஸ்க்கு மேல படிக்க எழுதுற நீட் பிஜி பரீட்சை ரேங்க் கையில இருக்கு. ரேடியாலஜி, ஸ்கின், ஜெனரல் மெடிசின் சீட்டெல்லாம் முன்வரிசை ரேங்க்காரவுகளே எடுத்துருவாக. அதனால ஒரே பிரிவ நம்பி உக்காராம ரெண்டு மூணு மனசுல வச்சுக்கச் சொல்லுங்க. கவர்மெண்ட் சர்வீஸ்ல சேந்து பிஹெச்சில, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, வேல பாத்தாலும் வழி இருக்கு, நம்ம ஸ்டேட்டுக்குன்னு ஒதுக்குற கவர்மெண்ட் காலேஜ் பிஜி சீட்டுல பாதி சர்வீஸ் டாக்டர்களுக்குத்தான்.

மிச்ச பாதி, அந்த வேலைய தெனம் செய்ய அவனுக்குப் பிடிக்குமாங்கிறது. ஆர்த்தோன்னா எலும்பு ஒட்டவைக்கிறதுன்னு நெனைக்கிறோம், ஆனா தியேட்டர்ல சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும்போது கதிர் மேல படாம இருக்க கனமான ஈய ஏப்ரன மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா நிக்கணும், ராத்திரி பைக் ஆக்சிடென்ட் வந்தா எந்திரிச்சு ஓடணும். ரேடியாலஜில இருட்டு ரூம்ல வயித்து மேல வைக்கிற ஸ்கேன் கருவிய பிடிச்சுக்கிட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு வயிறு பாக்கணும், நோயாளி முகத்தவிட ஸ்கிரீனத்தான் அதிகம் பாப்பாக, பேசிப் பழகுற பிள்ளைக்கு அது ஒத்துவராது. உங்க பையன் பேசுற பிள்ளைதானே?

படிப்பு முடிச்சு ஆஸ்பத்திரியில பயிற்சி எடுக்கிற ஹவுஸ் சர்ஜன்ல பாத்துக்கலாம்னா அந்த ஒரு வருஷத்துல ஊர்மக்கள் சுகாதாரம் பாக்குற கம்யூனிட்டி மெடிசினுக்கு 12 வாரம், ஆர்த்தோவுக்கு வெறும் 2 வாரம், அத வச்சு முடிவெடுக்கிறது கஷ்டம்.

அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, ஸ்கேன் சென்டர்தான் ஆசைன்னா ரேடியாலஜிஸ்ட் ஒருத்தர சம்பளத்துக்கு வச்சும் நடத்தலாம், வயித்துல இருக்கிறது ஆணா பெண்ணான்னு பாக்கிறதத் தடுக்கிற 1994 சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணாம ஸ்கேன் மெஷின் ஓட்ட முடியாது அவ்வளவுதான். அதுக்காக பிள்ளையோட முப்பது வருஷத்த அடமானம் வைக்க வேணாம். ஆர்த்தோ எம்எஸ் 3 வருஷம், முடிச்சதும் ப்ராக்டிஸ் ஆரம்பிச்சிரலாம், ஹார்ட் டாக்டராகணும்னா எம்டி பிஜி படிப்புக்கு மேல டிஎம்னு இன்னொரு படிப்பு 3 வருஷம், அந்த வயசுக்கணக்கையும் வீட்டுல பேசிக்கிருங்க.

வர்ற லீவுல தெரிஞ்ச ஆர்த்தோ டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு நாள் ஓபில உக்காரவைங்க, ஸ்கேன் ரூம்லயும் ரெண்டு நாள். அப்புறம் அண்ணனையும் கூட்டிக்கிட்டு மூணு பேருமா வாங்க, பேசுவோம்.