இடிமழைக்குப் பிறகு முளைத்த இந்தக் காட்டுக் காளான் புற்றுக்காளானா? சமைக்கலாமா?

குற்றாலம் பக்கம் காட்டோரத் தோப்பில் பறித்ததாகச் சொல்கிறீர்கள். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்பாக ஒரு கூம்பு. கரையான் புற்றிலிருந்து முளைக்கும் புற்றுக்காளான் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் படத்தை மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள், காம்பும் பாதியில் ஒடிந்திருக்கிறது. இதை வைத்து நான் ஆமாம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரும் அந்த மலையடிவாரம்தான். சின்ன வயதில் ஆச்சியோடு காளானுக்குப் போவேன். காளான் தலையைப் பிடித்து இழுத்தால் கையிலேயே ஓர் அடி விழும். "ஏலே, பிடுங்காத, தோண்டு." குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறிக்கொண்டே போவாள். தரைக்கு மேல் காம்பு ஒரு சாண் இருந்தால், கீழே வேர் மாதிரி அதைவிட நீளமாக இறங்கியிருக்கும். போகப் போக மெலியும். கடைசியில் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, தொட்டால் உதிரும் பழுப்புக் கட்டி ஒன்று வரும். அதன்மேல் குண்டூசித் தலை அளவில் வெள்ளை மணிகள், நாலைந்து கரையான். அந்தக் கட்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காளான் கூடைக்குள் போகும்.

அந்தக் கட்டிதான் கரையானின் தோட்டம். தின்ற இலை, சருகு, கட்டையை எச்சமாக்கி அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையைக் கரையானே வளர்க்கிறது. அந்தப் பூஞ்சை மண்ணுக்கு மேல் விடும் குடைதான் புற்றுக்காளான். பேரினத்தின் பெயர் டெர்மிட்டோமைசிஸ். அதில் ஓர் இனம் நம் நாட்டிலிருந்தே 1979இல் விவரிக்கப்பட்டது: டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி. விவரித்தவர் காளான் ஆய்வாளர் நடராஜன். பேரினத்துக்குப் பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹெய்ம் நினைவாக அந்தப் பெயர். நடுக்கூம்பு மண்ணைக் குத்தி மேலே வருவதற்கு. கூட்டமாக முளைக்கும் குட்டிப் புற்றுக்காளானுக்கு மட்டும் நீள வேர் இருக்காது; கரையான் தோட்டத்துத் துண்டுகளை வெளியே கொண்டுவந்து போட, அதில் முளைக்கும்.

சரி, ஏமாற்றுவது எது? இதில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. வெளியூரில் வேலை பார்த்தபோது, வாடகை வீட்டு வாசல் புல்லில் வட்டமாக வெள்ளைக் குடைகள் முளைத்திருந்தன. ஊர் ஞாபகத்தில் தோண்டாமலே பறித்து வதக்கிச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்தது. விடியும்வரை நானும் வாளியும்தான். மீதியிருந்த குடை ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் தகடு தகடாக இருக்கும் மடிப்பு பச்சையாக இருந்தது. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான். இளசில் அதன் மடிப்பும் வெள்ளைதான், அதுதான் வில்லங்கம்.

அதனால் நன்றாக விரிந்த குடை ஒன்றைக் காம்பை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளைத்தாளிலும் பாதி கறுப்புத்தாளிலும் படுமாறு கவிழ்த்து, மேலே ஒரு பாத்திரத்தை மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளில் வித்துத்தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு லேசான ரோஜா நிறம். பச்சையாக இருந்தால் குப்பைக்கு. ரோஜா நிறம் வந்துவிட்டதே என்றும் துள்ள வேண்டாம்: எண்டோலோமா என்ற காளான் வகைக்கும் ரோஜாத் தூள்தான், அதில் நஞ்சுள்ளவை உண்டு. அதன் மடிப்புகள் பெரும்பாலும் காம்பைத் தொட்டிருக்கும், புற்றுக்காளானில் தொடாது. காம்பைச் சுற்றியுள்ள வளையத்தை வைத்தும் தீர்மானிக்காதீர்கள், ஹெய்மிக்கும் வளையம் உண்டு.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்ற சோதனைகளெல்லாம் சும்மா. அமானிட்டா என்ற காளான் வகையில் சிலவற்றின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமல் இருந்து, அப்புறம் கல்லீரலைத் தாக்கும். அவற்றின் காம்படியில் ஒரு பை இருக்கும், பிடுங்கும்போது அது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஆச்சிக்கு அமானிட்டா தெரியாது, ஆனால் தோண்டச் சொன்னாள்.

பறித்த குழி இன்னும் மூடியிருக்காது. போய்த் தோண்டி அடிவரை ஒரு படம் எடுங்கள், குடையின் அடிப்பக்கம் ஒன்று, நாளைக் காலை தாளின் படம் ஒன்று. மூன்றையும் போடுங்கள், பார்ப்போம். அதுவரை தேங்காய் அரைக்க வேண்டாம்.